ஒன்பதாவது கோல் வரை

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அந்த ஒரு ராத்திரியில்தான் போய் நிற்கும். 1995 டிசம்பர் 2, சனிக்கிழமை, மான்ட்ரியால் ஃபோரம் அரங்கம். டெட்ராய்ட் ரெட் விங்ஸிடம் மான்ட்ரியால் கனேடியன்ஸ் 11-1 என்று தோற்ற ஆட்டம். பதினொன்றில் ஒன்பது கோல் ருவா நின்றபோது விழுந்தவை. வெளியே எடுக்கப்பட்டதும் நேராக கிளப் தலைவரிடம் போய், மான்ட்ரியாலுக்காக ஆடும் கடைசி ஆட்டம் இதுதான் என்று சொன்னார். நான்கே நாளில் கொலராடோவுக்கு மாற்றப்பட்டார். தலைக்கனம் பிடித்த ஒரு நட்சத்திரம், பிடிவாதக்காரரான ஒரு பயிற்சியாளர், இருவருக்கும் ஒத்துவரவில்லை, கோபத்தில் வாயை விட்டார், ஊரை விட்டுப் போனார். இப்படித்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு இந்தக் கதை எந்த நாளும் சரியாக ஒட்டவில்லை. அந்த ஆட்டத்தின் பதிவை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் ருவாவின் கோபத்தில் நிற்பதில்லை. மூன்று பகுதி கொண்ட ஆட்டத்தில் முதல் பகுதி முடிந்து இரண்டாவது பகுதிக்காக ஆட்டக்காரர்கள் பனித்தளத்துக்குள் வருகிறார்களே, அந்த நேரத்தில்தான் நிற்கிறது. அப்போது ஸ்கோர் 5-1. கோல் வலைக்கு முன்னால் மறுபடியும் அதே ஆள். ஏன் அவர்? அவர் தலைவரிடம் சொன்ன வார்த்தையை முப்பது வருடமாக அலசுகிறார்கள். இந்தக் கேள்வியை அந்த அளவுக்கு யாரும் அலசுவதில்லை.

இதைப் பற்றி எனக்கும் ஒரு நண்பனுக்கும் பல வருடமாக வாக்குவாதம். அவன் அமெச்சூர் லீக்கில் கோல்கீப்பராக ஆடியவன். ஆட்டத்துக்கு முன் அவன் தயாராவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது கால் பேடைத்தான் முதலில் கட்டுவான். வார்களைக் கீழிருந்து மேலாக இழுத்து மாட்டிவிட்டு, முட்டி போட்டு எழுந்து பார்ப்பான். பேட் சரியாகத் திரும்பவில்லை என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுவான். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. இப்படிப்பட்டவன் ருவா பக்கம்தான் பேசுவான் என்று நினைத்தேன். அவன் நேர் எதிர். “கோல்கீப்பர்னா நிக்கணும்டா. அஞ்சு விழட்டும், ஒன்பது விழட்டும். என்னை வெளியே எடுக்கலையேன்னு ஒரு கோல்கீப்பர் கேட்கவே கூடாது” என்பான். ஆடியவன் சொல்கிறான், அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆள் மாற்ற முடியாத காலம்

அவன் வாதத்துக்கு வரலாறு நிறையவே துணை நிற்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் அணிகள் ஒரே ஒரு கோல்கீப்பரை மட்டும் உடுப்போடு கூட்டிவருவதுதான் வழக்கம். பெஞ்சில் இன்னொருவர் காத்திருப்பது அதற்குப் பிறகுதான் விதியானது. அதற்கு முன்னால் கோல்கீப்பருக்கு அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்திவைத்து, தையல் போட்டு, அவரையே மறுபடி இறக்கினார்கள். 1928-இல், லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷபாவுக்குக் கண்ணில் அடிபட்டபோது, 44 வயதான பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக் தானே பேடைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் ஜெயித்தும் விட்டது. க்ளென் ஹால் 1955-லிருந்து 1962 வரை தொடர்ச்சியாக 502 ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட வெளியே போகாமல் நின்றார். அதுவும் முகமூடி இல்லாமல். ஆட்டத்துக்கு முன்னால் வாந்தி எடுத்துவிட்டுத்தான் களம் இறங்குவார் என்பது ஊரறிந்த விஷயம். வயிற்றைப் புரட்டுகிற பயத்தோடு ஏழு வருடம் ஒருவர் அங்கே போய் நின்றிருக்கிறார். நண்பன் சொல்கிற கோல்கீப்பர் இவர்தான்.

ஆனால் அதே காலத்தில், அதே மான்ட்ரியால் அணியில் நடந்த இன்னொரு விஷயத்தை அவன் சௌகரியமாக மறந்துவிடுவான். 1959 நவம்பர் 1, மாடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு, மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. உள்ளே கூட்டிப்போய்த் தையல் போட்டார்கள். பிளான்ட் பயிற்சிகளில் முகமூடி அணிந்துகொண்டிருந்தவர். ஆட்டத்தில் அதை அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதித்ததில்லை. முகமூடி அணிந்தவனுக்குப் பயம் வந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். தையல் முடிந்ததும் பிளான்ட் சொல்லிவிட்டார்: முகமூடி இருந்தால் இறங்குகிறேன், இல்லையென்றால் இல்லை. நம்பி இறக்க பிளேக்கிடம் வேறு கோல்கீப்பர் இல்லை. அதனால் சரி என்றார். பிளான்ட் முகமூடியோடு வந்தார், மான்ட்ரியால் ஜெயித்தது, அந்த சீசன் கோப்பையும் அவர்களுக்கே வந்தது. காலப்போக்கில் முகமூடி இல்லாத கோல்கீப்பரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. மாற்று ஆள் இல்லாத காலத்தில், அந்த இல்லாமையே கோல்கீப்பருக்குப் பலமாக இருந்தது. அவர் முடியாது என்றால் ஆட்டமே நடக்காது. பெஞ்சில் இன்னொருவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அந்தப் பலம் பயிற்சியாளரின் கைக்குப் போய்விட்டது. யார் நிற்பது, எப்போது வெளியே வருவது, எல்லாம் அவர் கையசைப்பில். ஹாலைக் காட்டி ருவாவைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஹாலுக்கு வெளியே போகக் கதவே கிடையாது. 1995-இல் கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாள் ஒருவர் கையில் இருந்தது, அவர் அதைத் திறக்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில்

மாற்று கோல்கீப்பரின் வேலை என்னவென்று நேரில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். டிவியில் அவர் கண்ணில் படுவதே குறைவு. முழு உடுப்போடு, தலையில் ஒரு தொப்பியோடு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிமாறி உள்ளே போவார்கள், வருவார்கள். இவர் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார். தோளில் தட்டிக்கொடுப்பார். எத்தனையோ இரவுகள் இவ்வளவுதான் அவர் வேலை. திடீரென்று பயிற்சியாளர் தலையைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்வார். தொப்பியைக் கழற்றி முகமூடியை மாட்டிக்கொண்டு, உடம்பு சூடாகாமல், வியர்வை வராத கையோடு வலைக்கு முன்னால் போக வேண்டும். போனதும் முதல் வேலையாக, வலை முன்னால் இருக்கிற நீல அரைவட்டத்தில் ஸ்கேட்டைப் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்துப் பனியைச் சொரசொரப்பாக்குவார். வழுவழுப்பாக இருந்தால் கால் நிற்காது, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது பிடிமானம் வேண்டும். பார்க்கிற நமக்கு அந்தச் சில நொடிகள் நீளமாகத் தெரியும். அவருக்கு எப்படி இருக்குமோ.

அதே நேரத்தில் வெளியே வருகிறவர் முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு பெஞ்சை நோக்கி மெதுவாக வருவார். சக ஆட்டக்காரர்கள் மட்டையால் அவர் பேடில் லேசாகத் தட்டுவார்கள். அந்தத் தட்டலை நான் எப்போதும் கவனிப்பேன். யாரும் எதுவும் பேசாமல், உன் மேல் கோபமில்லை என்று சொல்கிற முறை அது. நல்ல அணியில் அது தவறாது. பிறகு அவரும் ஓரத்தில் போய் உட்கார்ந்து தொப்பியைப் போட்டுக்கொள்வார். கதவைத் திறந்துவிடும் வேலை இனி அவருக்கு.

ருவாவின் தொழில் வாழ்க்கை இப்படி ஒரு மாற்றத்தில்தான் தொடங்கியது. லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 1984-இல் 51-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 1985 பிப்ரவரி 23, வயது 19. வின்னிபெக் ஜெட்ஸுடனான ஆட்டத்தில் கடைசிப் பகுதிக்கு மட்டும் இறக்கினார்கள். ஒரு கோலும் விடவில்லை, மான்ட்ரியால் ஜெயித்தது. வெற்றி தரும் கோல் விழும்போது வலையில் நிற்கிறவர் கணக்கில்தான் வெற்றி சேரும் என்பதால் அது ருவாவின் முதல் வெற்றியானது. பின்னால் 551 ஆக வளர்ந்த கணக்கின் முதல் எண் அது. இன்னொரு கோல்கீப்பருக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்க ஒரு பயிற்சியாளர் முடிவெடுத்ததால் கிடைத்தது. அடுத்த வருடமே, 20 வயதில், ஸ்டான்லி கோப்பையும், அந்தக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும். 1993-இல் மறுபடி இரண்டும். அந்த வருடம் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களில் மான்ட்ரியால் தொடர்ந்து பத்து ஜெயித்தது. 1994-இல் குடல்வால் வீக்கத்தோடு மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து பாஸ்டனுக்கு எதிராக 39 தடுப்புகள். இப்படிப்பட்டவரை “நிற்கத் தெரியாதவர்” என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

அந்த இரண்டாவது பகுதி

அந்த சீசன் தொடங்கிய வேகத்திலேயே மான்ட்ரியால் நிர்வாகம் கலைந்துவிட்டது. அக்டோபரில் பொது மேலாளரையும் பயிற்சியாளரையும் நீக்கி, ரெஜான் ஹூலை மேலாளராகவும் மரியோ டிரம்பிளேவைப் பயிற்சியாளராகவும் கொண்டுவந்தார்கள். இருவரும் அந்த அணியின் பழைய ஆட்டக்காரர்கள். டிரம்பிளே ருவாவோடு ஒரே அணியில் ஆடியவர். ஊடகத்தில் விமர்சகராக இருந்துவிட்டு நேராக இந்த நாற்காலிக்கு வந்தார். அணியில் தன்னைவிடப் பெரிய பெயர் உள்ள ஒரு கோல்கீப்பர், அவரிடம் யார் தலைவன் என்று காட்டியாக வேண்டிய ஒரு புதுப் பயிற்சியாளர். உரசல் முதல் வாரங்களிலேயே தொடங்கிவிட்டது. எதிரே வந்த டெட்ராய்ட் சாதாரண அணி இல்லை. ஸ்காட்டி போமன் பயிற்சியில், அந்த சீசனில் 62 ஆட்டங்களை ஜெயித்த அணி. அன்றைக்கு வியாசெஸ்லாவ் கோஸ்லோவ் ஒருவர் மட்டும் நான்கு கோல் அடித்தார்.

முதல் பகுதியில் ஐந்து விழுந்தன. அதில் ருவாவின் தவறும் உண்டு, முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் அவரைக் கைவிட்டதும் உண்டு. ஐந்து கோல் விழுந்தால் எந்தப் பயிற்சியாளரும் இடைவேளையில் மாற்றிவிடுவார். இது கருணை மட்டும் இல்லை, வேலை தெரிந்தவர் செய்கிற காரியம். ஆட்டம் ஏறக்குறைய போய்விட்டது. அடுத்த ஆட்டத்துக்கு முதல் கோல்கீப்பர் வேண்டும். பெஞ்சில் பாட் ஜாப்லான்ஸ்கி உட்கார்ந்திருக்கிறார். காரணங்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. ஆனால் இரண்டாவது பகுதிக்கும் ருவாவே வந்தார்.

பிறகு ஆறு, ஏழு. நடுவில் தூரத்திலிருந்து வந்த சுலபமான ஒரு பக்கை அவர் தடுத்தபோது, அரங்கம் முழுவதும் கேலியாகக் கைதட்டியது. பத்து வருடம் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே கூட்டம். ருவா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அந்தப் படம்தான் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். கூட்டத்தை அவமதித்தார் என்பார்கள். பதிவைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. போக வேறு இடமில்லாத ஒருவர் கையைத் தூக்குவதாகத்தான் படுகிறது. மற்ற எந்த ஆட்டக்காரரும் அந்த நேரத்தில் பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடித்து, தலையைக் குனிந்துகொள்ளலாம். கோல்கீப்பர் ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள அந்தச் சட்டத்தின் முன்னால், எல்லோரும் பார்க்க, அடுத்த பக்குக்காக நிற்க வேண்டும்.

எட்டு. ஒன்பது. இரண்டாவது பகுதியில் பன்னிரண்டு நிமிடம் ஆகப் போகும்போதுதான் டிரம்பிளே அவரை வெளியே அழைத்தார். வலையை நோக்கி வந்த 26 அடிகளில் 17 தடுப்பு, 9 கோல். ருவா மட்டையைக் கொடுத்துவிட்டு பெஞ்சுக்குப் பின்னால் நடந்தார். டிரம்பிளே கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார். ருவா அவரைக் கடந்து போனார், சட்டென்று திரும்பினார், மறுபடி அவரைக் கடந்து வந்து, பெஞ்சுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கிளப் தலைவர் ரொனால்ட் கோரியிடம் குனிந்து அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இந்த இடத்தில்தான். பிளான்ட் 1959-இல் தன் பயிற்சியாளரிடமே நேராகப் பேச முடிந்தது. நீங்கள் என்னை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அவருக்கு இருந்தது. 36 வருடம் கழித்து, அதே சட்டை அணிந்த ருவாவுக்கு அந்த நிலை இல்லை. ஆடும் நேரம், வெளியே வரும் நேரம் இரண்டும் பயிற்சியாளர் கையில். அவரைத் தாண்டி யாரிடம் சொல்ல முடியுமோ அவரிடம் சொன்னார். முறைப்படி அது சரியில்லைதான். சக ஆட்டக்காரர்கள் பார்க்க, கேமரா பார்க்க, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம். அதை நண்பனோடு சேர்ந்து நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அதற்கு முந்தின அரைமணி நேரத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது? ஒரு கோல்கீப்பரை வெளியே எடுப்பதைத் தண்டனை என்றே நாம் பழகிவிட்டோம். அன்றைக்கு அவரை எடுக்காமல் விட்டதுதான் தண்டனையாக இருந்தது. அதைப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பேர் முன்னால் கொடுத்தார்கள்.

மறுநாள் அணி அவரை இடைநீக்கம் செய்தது. டிசம்பர் 6-ஆம் தேதி, அணித்தலைவர் மைக் கீனோடு சேர்த்துக் கொலராடோ அவலாஞ்சுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு மூன்று பேரை வாங்கினார்கள். அந்த கொலராடோ அணி சில மாதங்கள் முன்புவரை கியூபெக் நோர்டிக்ஸாக இருந்தது. ருவா பிறந்த ஊரின் அணி, மான்ட்ரியாலின் பரம எதிரி. இடம் மாறாமல் அங்கேயே இருந்திருந்தால் மான்ட்ரியால் அவரைக் கனவிலும் அவர்களுக்குக் கொடுத்திருக்காது.

ஆறாவது மாதம் கொலராடோ கோப்பையை வென்றது. ஃப்ளோரிடா பாந்தர்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை 0-0 என்று இழுத்தது. ஊவே க்ருப் கோல் அடித்து முடிக்கும்வரை ருவா 63 அடிகளைத் தடுத்தார், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மான்ட்ரியால் 1993-க்குப் பிறகு இன்றுவரை ஒரு கோப்பை வெல்லவில்லை. இதை ருவாவுக்கு ஆதாரமாக நீட்டுகிறவர்கள் உண்டு. நான் நீட்டமாட்டேன். அவர் கொலராடோவில் தோற்றுப்போயிருந்தாலும் அந்த டிசம்பர் ராத்திரி நடந்தது நடந்ததுதான்.

ஏழு ஆண்டு கழித்து ஆறு கோல்

என் பக்கத்துக்கு நான் காட்டுவது வேறொரு ஆட்டம். 2002 மே 31. மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். எதிரே அதே டெட்ராய்ட், அந்தப் பக்க வலையில் டொமினிக் ஹாஷெக். இதற்கு முந்தின ஆட்டத்தில்தான் ருவா பக்கைக் கையுறையில் பிடித்துவிட்டதாக நினைத்துக் கையை உயரத் தூக்கிக் காட்ட, அது நழுவிக் கீழே விழுந்து, பிரெண்டன் ஷானஹன் அதை உள்ளே தள்ளினார். தற்பெருமைக்குக் கிடைத்த அடி என்றார்கள். அப்படியே இருக்கட்டும், ருவாவுக்குத் தற்பெருமை இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஏழாவது ஆட்டத்தில் 16 அடிகளில் ஆறு கோல் விட்டார். இரண்டாவது பகுதியில் பயிற்சியாளர் பாப் ஹார்ட்லி அவரை வெளியே எடுத்தார். கொலராடோ 7-0 என்று தோற்றது.

மான்ட்ரியால் ராத்திரியைவிட இது எவ்வளவோ பெரிய தோல்வி. அது டிசம்பரில் நடந்த சாதாரண லீக் ஆட்டம். இது இறுதிச்சுற்றுக்குப் போகும் வாசல். ஒன்பதுக்கும் ஆறுக்கும் பெரிய தூரமும் இல்லை. அவர் அதே மனிதர், 36 வயதில் இன்னும் பிடிவாதம் ஏறியவர். ஆனாலும் எந்தக் கலவரமும் இல்லை. வெளியே வந்தார், உட்கார்ந்தார், அடுத்த சீசன் அதே அணிக்கு ஆடினார். கோபக்காரர் என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அன்றைக்கும் அவர் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. நண்பனிடம் இதைச் சொன்னபோது முதல்முறையாக அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு வேறொன்று சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

“உனக்கு ஒண்ணு தெரியாதுடா. வெளியே எடுத்தா நிம்மதின்னு நினைக்கிற. என்னை ஒருதடவை நாலாவது கோலுக்கு எடுத்துட்டாங்க. பெஞ்சுல உட்கார்ந்து, எனக்குப் பதிலா போனவன் நல்லா ஆடுறதைப் பார்க்கணும். நம்ம டீம், அவன் தடுக்கணும்னுதான் நினைக்கணும். மனசு அப்படி நினைக்காது. அதைவிட உள்ளே நின்னு இன்னும் அஞ்சு வாங்கலாம்.”

இதற்கு நேரடியாகப் பதில் என்னிடம் இல்லை, இன்னொருவர் வாழ்க்கையைத்தான் காட்ட முடியும். மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி. 2003 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், 2009-இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2013 பிளேஆஃபில் சொதப்பியபோது அவர் இடத்தைத் தோமஸ் வோகூனுக்குக் கொடுத்தார்கள். 2016-இல் அவர் அடிபட்டிருந்தபோது இளைஞர் மாட் மரே உள்ளே வந்து கோப்பையே வாங்கிவிட்டார். 2017 பிளேஆஃபில் மரே காயப்பட, ஃப்ளூரி முதல் இரண்டு சுற்றுகளையும் தோளில் சுமந்தார். மூன்றாவது சுற்றில், ஒட்டாவாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், முதல் பதின்மூன்று நிமிடத்துக்குள் நான்கு கோல். பயிற்சியாளர் மைக் சல்லிவன் உடனே மரேயை இறக்கினார். அதற்குப் பிறகு அந்த வருடம் ஃப்ளூரி வலைக்கு வரவே இல்லை. என் நண்பன் சொன்ன அதே நிலைதான், அவனுடையதைவிட ஆயிரம் மடங்கு வெளிச்சத்தில். பெங்குவின்ஸ் கோப்பையை வென்றது. பனித்தளத்தில் ஒவ்வொருவராகக் கோப்பையைத் தூக்கிச் சுற்றும்போது, ஃப்ளூரி தன் முறை முடிந்ததும் அதைக் கொண்டுபோய் மரேயின் கையில் கொடுத்தார்.

ஃப்ளூரி அப்போது உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நண்பன் சொன்னதுபோலவே அவர் மனதும் கிடந்து அடித்திருக்கலாம். நான் பார்ப்பது அதன் பிறகு வந்த வருடங்களை. அந்தக் கோடையில் புதிதாகத் தொடங்கிய வேகஸ் அணிக்குப் போனார். முதல் சீசனிலேயே அதை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். 2024 ஜனவரியில், மினசோட்டாவுக்காக ஆடியபோது, ருவாவின் 551-ஐத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தார். அவருக்கு மேலே 691 வெற்றிகளோடு மார்ட்டின் புரோடூர் மட்டும். 552-வது வெற்றி கிடைத்தது நியூயார்க் ஐலண்டர்ஸை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல். அதே வாரக் கடைசியில் அந்த ஐலண்டர்ஸுக்குப் புதுப் பயிற்சியாளராக வந்தவர் ருவா. 2025-இல் 575 வெற்றிகளோடு ஃப்ளூரி ஓய்வு பெற்றார். இத்தனை முறை வெளியே எடுக்கப்பட்டவர், இடத்தையே பறிகொடுத்தவர், இருபது வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறார். சல்லிவன் அவரை நான்காவது கோலோடு எடுத்ததற்கும் இந்த நீடிப்புக்கும் தொடர்பு உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரை ஒன்பதுவரை நிறுத்திவைத்து, கூட்டம் கேலியாகக் கைதட்டும்வரை விட்டிருந்தால் அந்தக் கோப்பையை அவர் சிரித்த முகத்தோடு மரேயிடம் நீட்டியிருப்பாரா என்பது என் சந்தேகம்.

நாம் எண்ணுவதெல்லாம் தடுப்பு சதவீதம், வெற்றி, கோல் விடாத ஆட்டம். பத்து அடியில் ஒன்பதைத் தடுப்பவர் இந்தத் தொழிலில் பிழைப்பார், அதற்கும் கொஞ்சம் மேலே போனால் பெரிய ஆள். அதாவது முப்பது அடி வருகிற ஆட்டத்தில் மூன்று கோல் விழுவது தினசரி வேலையின் பகுதி. அதற்கு எல்லாக் கோல்கீப்பர்களும் பழகித்தான் வருகிறார்கள். ருவா தன் கோல் கம்பங்களோடு பேசுவார் என்று சிரிப்பார்கள். விழுந்த கோலை மறந்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக ஆளுக்கொரு வழி, அவருக்கு அது. அந்த வழி வேலை செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே என்று உள்ளே நிற்கிறவருக்குத் தெரியாது, பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். என் நண்பனும் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே நின்று பார்க்கிற ஒருவருக்குத்தான் அது தெரியும். பயிற்சியாளருக்கு அந்த அதிகாரம் கொடுத்திருப்பதே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

டிரம்பிளே 1997-இல் பதவியிலிருந்து விலகினார். ருவா 2001-இல் மூன்றாவது கான் ஸ்மைத்தையும் வாங்கிவிட்டு, 2003-இல் மினசோட்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஆண்ட்ரூ புரூனெட் அடித்த கோலோடு முடித்துக்கொண்டார். 2008-இல் மான்ட்ரியால் அவரைத் திரும்ப அழைத்து, 33-ஆம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. பயிற்சியாளராகி கொலராடோவுக்கு வந்தபோது, ஒரு கோல் பின்தங்கியிருந்தால் மற்றவர்கள்போல் கடைசி ஒரு நிமிடம்வரை காத்திருக்காமல், மூன்று நிமிடம் இருக்கும்போதே கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்குவார். 2014 பிளேஆஃபில் மினசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அப்படித்தான் வலையைக் காலியாக விட்டு, கடைசி நொடிகளில் பால் ஸ்டாஸ்ட்னி சமன்செய்து, கூடுதல் நேரத்தில் அவரே ஜெயிக்கவும் வைத்தார். மற்ற பயிற்சியாளர்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

நண்பனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கோரியிடம் போனது தப்பு என்பதில் அவன் அசையமாட்டான். இரண்டாவது பகுதிக்கு ருவாவை அனுப்பியது தப்பு என்பதில் நான் அசையமாட்டேன். போன முறை பேசியபோது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தான்: அன்றைக்கு அவன் பயிற்சியாளராக இருந்திருந்தால், இடைவேளையில் ஜாப்லான்ஸ்கியைத்தான் எழுப்பியிருப்பானாம்.